பளபளப்பு வேண்டாம், பிடிப்பு வேண்டும்!

வீட்டில் குளியலறை சின்ன அறைதான். ஆனால் வீட்டில் உள்ள எல்லாரும் தினமும் போய்வரும் அறை அது. பேரனும் போகிறான். பாட்டியும் போகிறார். அதுவும் ஈரக்காலோடு!

பழைய குளியலறையைப் புதுப்பிக்க வேண்டும் என்ற ஆசை இப்போது பலருக்கும் வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் கடைக்குப் போகிறார்கள். கண்ணாடிபோல் மின்னும் டைல்ஸை வாங்கி வருகிறார்கள். "தரையில் முகம் பார்க்கலாம்" என்று சொல்லி மகிழ்கிறார்கள்.

முகம் பார்க்கத் தரை எதற்கு? அதற்குத்தான் சுவரில் கண்ணாடி இருக்கிறதே! தரை என்பது கால் ஊன்றுவதற்கு.

விழுந்தால் என்ன ஆகும்?

வாலிபன் வழுக்கி விழுந்தால் பெரும்பாலும் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவான். வயதானவர் விழுந்தால் இடுப்பு எலும்பே முறிந்துபோகலாம். பிறகு ஆஸ்பத்திரி, ஆபரேஷன், படுக்கை. குடும்பமே ஆடிப்போகும்.

உலகத்தில் ஆண்டுதோறும் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் தவறி விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ம் ஆண்டு தெரிவித்தது. இப்படி இறப்பவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். எல்லாரும் குளியலறையில் விழுந்தவர்கள் அல்ல. ஆனால் சோப்பும் தண்ணீரும் ஒன்றாகத் தரையில் ஓடுகிற இடம் வீட்டில் வேறு எது?

ஆகவே, குளியலறையைப் புதுப்பிக்கும்போது முதல் ரூபாயை அழகுக்குச் செலவிடாதீர்கள். வழுக்காமல் இருப்பதற்குச் செலவிடுங்கள்.

நீங்களே இறங்குங்கள்

"இதெல்லாம் கொத்தனார் வேலை. நமக்கு என்ன தெரியும்?" என்று ஒதுங்க வேண்டாம். கொத்தனாருக்குச் சுவரைத் தெரியும். உங்கள் தாயாரின் முழங்கால் வலி அவருக்குத் தெரியுமா? உங்களுக்குத்தான் தெரியும்.

வேலையைத் தொடங்குமுன் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். "எந்த இடத்தில் பயமாக இருக்கிறது? எங்கே கை ஊன்றுகிறீர்கள்?" என்று கேளுங்கள். சுவரையும் பாருங்கள். கை ஊன்றி ஊன்றி ஓரிடம் கறுத்திருக்கும். கைப்பிடி வேண்டிய இடம் அதுதான்.

துணி போடும் கம்பி கைப்பிடி ஆகாது. ஆளின் பாரத்தைத் தாங்காது. கைப்பிடிக்கென்றே விற்கும் துருப்பிடிக்காத கம்பியை வாங்குங்கள். தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் பொருத்துங்கள். திருகாணி மேல்பூச்சோடு நின்றுவிடக் கூடாது. செங்கல்லுக்குள் ஆழமாக இறங்க வேண்டும். துளை போடும் இடத்தில் தண்ணீர்க் குழாயோ மின்சார ஒயரோ போகிறதா என்று முதலில் விசாரியுங்கள். மாட்டிய பிறகு நீங்களே பலமாக இழுத்துப் பாருங்கள். அசைந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை இன்னும் உண்டு. சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றலாம். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு! தண்ணீரும் வீண், தரையும் எப்போதும் ஈரம். டைல்ஸ் இடுக்கில் உதிர்ந்துபோன பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்கலாம். அதன்மேல் ஒரு நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கறை போகட்டும் என்று ஆசிட்டை ஊற்றாதீர்கள். அது டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்டை அரித்துவிடும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருநாளும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. அதில் கிளம்புவது விஷவாயு. சின்ன அறையில் அது ஆளையே கொன்றுவிடும்.

கதவையும் கவனியுங்கள். அது உள்பக்கமாகத் திறக்கிறதா? உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். தச்சரிடம் சொல்லி வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். இதற்கு ஆகும் செலவு சிறிது. காப்பாற்றப்போவது உயிரை!

தொடக்கூடாத வேலை

எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம் என்ற துணிச்சலும் ஆகாது. மின்சாரத்தைத் தொடாதீர்கள். வெந்நீர்க் கருவி 2,000 வாட், 3,000 வாட் என்று மின்சாரம் இழுக்கும். அதற்குத் தடித்த ஒயர் வேண்டும். சரியான எர்த் வேண்டும். மின்சாரம் கசிந்தால் தானே அணைந்துவிடும் கருவி வேண்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் இதைச் செய்யவேண்டும். கேஸில் எரியும் வெந்நீர்க் கருவியைக் காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் விஷவாயுவுக்கு வாசனை கிடையாது.

தரையை உடைத்துப் போடும் வேலையையும் நல்ல கொத்தனாரிடம் விடுங்கள். ஆனால் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். தண்ணீர் போகும் துவாரத்தை நோக்கி அடிக்குக் கால் அங்குலம் சரிவு இருக்கட்டும். டைல்ஸ் ஒட்டுமுன், கசிவுத்தடுப்புப் பூச்சு நன்றாகக் காய்ந்ததும், துவாரத்தை அடைத்து ஒரு நாள் முழுதும் தண்ணீரைத் தேக்கி வைக்கச் சொல்லுங்கள். மாடிவீடு என்றால் மறுநாள் கீழ்வீட்டுக் கூரையைப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

டைல்ஸ் வாங்கும்போது கடையிலேயே அதன்மேல் தண்ணீர் தெளித்து, உட்கார்ந்தபடி வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். வழுக்கினால் அந்த டைல்ஸ் சுவருக்கு ஆகும்; தரைக்கு ஆகாது.

"சொரசொரப்பான தரையில் அழுக்கு ஒட்டுமே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது வாரம் ஒரு முறை பிரஷ் போட்டால் போகிற அழுக்கு. முறிந்த எலும்பு அப்படிப் போகுமா? அந்தப் பிரஷ் வேலையும் பெண்கள் தலையிலேயே விழ வேண்டாம். ஆண்களும் கொஞ்சம் குனியட்டும்!

வாடகை வீடா? தரையை மாற்ற முடியாவிட்டால், தரையைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் விரிப்பைப் போடுங்கள். தினமும் அதை எடுத்து உலர்த்துங்கள். பெரியவர்கள் உட்கார்ந்து குளிக்க, காலில் ரப்பர் பொருத்திய உறுதியான நாற்காலி ஒன்று வாங்குங்கள். இரவில் எரிய ஒரு சிறு விளக்கு போடுங்கள். இவற்றுக்கு வீட்டுக்காரர் தடை சொல்லமாட்டார்.

விருந்தாளி வருடத்துக்கு நாலு நாள் வருவார். மின்னும் தரையைப் பார்ப்பார். "பேஷ்!" என்று சொல்லிவிட்டுப் போவார். பெற்ற தாய் அந்தத் தரையில் தினமும் நடக்கிறார். குளியலறையை விருந்தாளிக்காகக் கட்டாதீர்கள். தாய்க்காகக் கட்டுங்கள்.