ராஜா வீடு எங்கே, தாத்தா?

இந்தத் தடவை சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போனபோது, அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பேத்தியையும் உடன் அழைத்துப் போனேன். வயது பத்து. டெக்ஸாஸ் மாகாணத்தின் தலைநகரான ஆஸ்டினில் பிறந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள். ஆனால், கேள்வி கேட்க ஆரம்பித்தால் சட்டசபையில் எதிர்க்கட்சிக்காரர் கெட்டார்!

காலையில் ஐந்தருவியில் நனைந்தோம். மாலையில் தென்காசிக்குப் பஸ் ஏறினோம். பஸ்ஸில் நான் சற்றுப் பெருமையாக, "அம்மாளு, நாம் போகிற ஊர் பாண்டிய ராஜாக்களின் தலைநகரம்" என்று சொல்லி வைத்தேன். வந்தது வினை.

"அப்படியானால் ராஜா வீடு எங்கே, தாத்தா?"

"வீடு இப்போது இல்லையம்மா."

"எங்கள் ஊரில் இருக்கிறதே! பெரிய கும்மட்டம் வைத்து, சிவப்புக் கல்லில் கட்டியிருக்கிறார்களே!"

அவள் சொன்னது நிஜந்தான். அமெரிக்காவில் ஒவ்வொரு மாகாணமும் தனக்கென்று ஓர் ஆட்சி மாளிகை வைத்திருக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு வாஷிங்டனில் இருப்பதைப் போலவே நடுவில் கும்மட்டம். டெக்ஸாஸ்காரர்கள் ஒரு படி மேலே போய்விட்டார்கள். 1888-ல் திறந்த தங்கள் கும்மட்டத்தை வாஷிங்டனுடையதைவிடச் சில அடி உயர்த்திக் கட்டினார்கள். கையில் பணம் இல்லை, நிலம் இருந்தது. கட்டித் தந்தவர்களுக்குக் கூலியாக முப்பது லட்சம் ஏக்கர் நிலத்தை அளந்து கொடுத்துவிட்டார்கள்! ஒரு கட்டடத்துக்காக ஒரு ராஜ்யத்தையே கொடுத்த கதை.

"நம் ராஜ்யத்துக்கு அந்த மாதிரி வீடு எங்கே இருக்கிறது?" என்றாள் பேத்தி.

என்ன பதில் சொல்வது? நேயர்களே, நீங்களே யோசித்துப் பாருங்கள். நம் சட்டசபை கூடுகிற இடம் நாம் கட்டியதல்ல. 1639-ல் கடற்கரையோரம் மணல்மேட்டை வாங்கிய ஆங்கில வியாபாரிகள், சரக்கைக் காப்பாற்றக் கட்டிய கோட்டை அது. 1644-ல் ஜார்ஜ் முனிவர் திருநாளன்று முடிந்ததால் அவர் பெயரையே சூட்டினார்கள். அங்குள்ள கறுப்புக் கல் தூண்களுக்கும் ஒரு பயணக் கதை உண்டு. 1746-ல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அவற்றைப் புதுச்சேரிக்கு எடுத்துப் போனார்கள். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தூண்களைத் திரும்பக் கொண்டு வந்தார்கள்.

தூண்கள் மட்டுமா ஊர் சுற்றின? சட்டசபையே சுற்றியது. 1937-ல் சர்வகலாசாலையின் செனட் மண்டபத்தில் கூடியது. 1938-ல், திப்பு சுல்தானை வென்றதைக் கொண்டாட வெள்ளைக்காரர்கள் கட்டிய விருந்து மண்டபத்தில் கூடியது. இன்றைய ராஜாஜி மண்டபம் அதுதான். 1952-லிருந்து 1956 வரை ஓமந்தூரார் தோட்டத்து அரங்கம். பிறகு கோட்டை. 1959-ல் ஒரு தடவை உதகமண்டலத்துக்கும் போய் வந்தது.

கடைசியாக 2010 மார்ச்சில், அதே ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய மாளிகை திறந்தார்கள். 2011-ல் ஆட்சி மாறியது. சபை கோட்டைக்கே திரும்பியது. 2014-ல் அந்த மாளிகை ஆஸ்பத்திரியாயிற்று. இது சரியா, தப்பா என்று நான் வழக்குப் பேசப் போவதில்லை. அங்கே நோய் தீர்ந்து வீட்டுக்குப் போனவரைக் கேட்டால் ஒரு பதில் வரும். கோட்டைக்குள் இடநெருக்கடியில் கட்டு கட்டாகக் காகிதத்தோடு உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவைக் கேட்டால் வேறு பதில் வரும்.

பெங்களூரில் விதான சௌதாவைப் பார்த்திருப்பீர்கள். 1951-ல் நேருஜி அஸ்திவாரக் கல் நாட்டினார். மறு வருஷம் முதல் மந்திரியான கெங்கல் ஹனுமந்தையா, திட்டத்தையே மாற்றிப் பெரிதாக்கி, கோயில் சிற்ப முறைகளையெல்லாம் கொண்டு வந்து கட்டினார். 1956-ல் மாளிகை முடிந்தது. அந்த வருஷமே அவர் பதவியும் முடிந்தது! கட்டினவர் ஒருவர், உட்கார்ந்தவர் வேறொருவர்.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் தென்காசி வந்துவிட்டது.

விசுவநாதர் கோயில் வாசலில், கோபுரத்தின் கீழே காற்று எப்படி வீசும் என்பது போனவர்களுக்குத் தெரியும். மலைச்சாரலின் குளிர்ச்சியைச் சுமந்துகொண்டு வந்து, மேல்துண்டைப் பறித்துக்கொண்டு போகும். பேத்தி பாவாடையைப் பிடித்துக்கொண்டு கலகலவென்று சிரித்தாள். அண்ணாந்து பார்த்தாள். ஒன்பது நிலை, சுமார் 180 அடி.

"இதுதான் அம்மாளு, ராஜா வீடு" என்றேன்.

பராக்கிரம பாண்டியர் தமக்குக் கட்டிக்கொண்ட வீடு இன்று நிற்கவில்லை. விசுவநாதருக்குக் கட்டிய வீடு நிற்கிறது. 1457-ல் இந்தக் கோபுரத்தைத் தொடங்கினார். முடித்துப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. பின்னால் வந்த குலசேகர பாண்டியர் முடித்தார். அப்புறம் அதுவும் பாழ்பட்டது. நான் சின்னப் பையனாக வந்தபோது, இரண்டாகப் பிளந்த மொட்டைக் கோபுரமாகத்தான் பார்த்தேன். பார்க்கவே வயிற்றைப் பிசையும். ஊர் கூடி எழுப்பி, 1990-ல் கும்பாபிஷேகம் செய்தார்கள்.

இப்படியெல்லாம் ஆகுமென்று பராக்கிரம பாண்டியர் அன்றே எண்ணிப் பார்த்திருக்கிறார். ராஜாக்கள் கல்லில் என்ன வெட்டுவார்கள்? 'நான் இன்னாரை வென்றேன்' என்று வெட்டுவார்கள். இவரோ, இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் குறை வந்தால் அதைச் சரிசெய்யப் போகிறவர்களைப் பணிந்து வணங்குவதாக வெட்டி வைத்தார். முகம் தெரியாத, இன்னும் பிறக்காத மனிதர்களின் காலில் ஒரு மகாராஜா விழுகிறார்!

2019 நவம்பர் 22-ந் தேதி தென்காசி தனி ஜில்லாவானது. பழைய தலைநகரம் மறுபடி ஒரு தலைநகரம். இனி எத்தனையோ கச்சேரிகள் எழும்பும். திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் போட ஆள் பஞ்சம் இராது. அடுத்து வருகிறவரைக் கும்பிட்டு ஒரு வரி எழுதுவார் உண்டா என்பதுதான் என் கேள்வி.

பிராகாரத்தில் ஒரு கிழவி ஈர்க்குமாற்றால் சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். பேத்தி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தாத்தா, ராஜா கும்பிட்டது இந்தப் பாட்டியையும் சேர்த்துத்தானே?"

"ஆமாம், அம்மாளு."

பாட்டி நிமிர்ந்தாள். "என்ன தாயீ, எந்த ஊரு நீங்க?" என்றாள்.

பேத்தி ஆஸ்டின் என்று சொல்லவில்லை. கை குவித்து, "தென்காசி" என்றாள்.