கண்ணோட்டம் என்னும் சொல்

கண்ணோட்டம் என்ற சொல் இல்லாமல் இப்போது எந்தக் கூட்டமும் நடப்பதில்லை. தீர்மானங்களில் அது வருகிறது. மந்திரிகளின் பேச்சில் வருகிறது. வேலை கொடுப்பவரும் அதைச் சொல்கிறார், வேலை நிறுத்தத்துக்குத் தலைமை தாங்குகிறவரும் சொல்கிறார். தொழிலாளர் கண்ணோட்டம், நிர்வாகக் கண்ணோட்டம், சட்டக் கண்ணோட்டம், வளர்ச்சிக் கண்ணோட்டம் என்று அதற்கு முன்னால் எதை வேண்டுமானாலும் ஒட்டிக் கொள்ளலாம். நம்முடைய பக்கங்களிலும் அது பலமுறை அச்சாகியிருக்கிறது. பிழைக்க வந்த ஊரில் வாழும் நமக்கு இது வெறும் இலக்கணப் பிரச்னை அல்ல. நம்மை யார், எங்கிருந்து, எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தே நமக்கு வாடகை வீடும் வேலையும் ரேஷனும் கிடைக்கின்றன, அல்லது கிடைக்காமல் போகின்றன. ஆகவே இந்த மாதம் இச்சொல்லையே எடுத்துக் கொள்கிறோம்.

ஓவியம் கற்றுக் கொடுப்பவர்களிடம் இதற்கு ஒரு பொருள் உண்டு. அருகில் உள்ளது பெரிதாகத் தெரியும், தூரத்தில் உள்ளது சிறிதாகத் தெரியும், அப்படியே வரைய வேண்டும் என்பது அவர்கள் பாடம். நம் குடும்பங்களுக்கு இதை விளக்க ஓவியம் தேவையில்லை. லாலாகுடாவிலோ மௌலாலியிலோ பிளாட்பாரத்தின் கோடியில் நின்று பார்த்தால் இரண்டு தண்டவாளங்களும் தொலைவில் ஒன்றாகச் சேர்வது போலத் தோன்றும். ஆனால் அகலப் பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் 1,676 மில்லிமீட்டர். நம் காலடியிலும் அதுதான், ஒன்றாய்ச் சேர்ந்துவிட்டதாகத் தெரிகிற இடத்திலும் அதுதான். கண் பொய் சொல்லவில்லை. நிற்கிற இடம் அப்படிக் காட்டுகிறது. உண்மை தெரிய வேண்டுமானால் யாராவது ஒருவர் அங்கே நடந்து போய் அளந்து பார்க்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் பாதையை நடந்தே சோதிக்கிற கேங்மேன் இதைப் புத்தகம் படிக்காமலே அறிவார்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், "அது உங்கள் கண்ணோட்டம், இது எங்கள் கண்ணோட்டம்" என்று சொல்லிப் பேச்சை முடித்து விடுகிற வழக்கம் பெருகிவிட்டது. கூலி பாக்கி பற்றிப் பேசப் போனால் காண்டிராக்டரின் ஆள் இதைத்தான் சொல்கிறார். இத்தனை நாள் வேலை, இவ்வளவு கூலி, இவ்வளவு கொடுத்தாயிற்று, மீதி இவ்வளவு. இதில் கண்ணோட்டத்துக்கு என்ன இடம்? பதிவேட்டைத் திறந்தால் தீர்ந்து போகிற விஷயம். அளக்க முடிந்ததை அளக்காமல் தப்பிப்பதற்கு இந்தச் சொல் ஒரு போர்வையாக உதவுகிறது. பார்வைகள் பல இருக்கலாம். அதனால் கணக்கும் பலவாகி விடாது.

இதற்கு இன்னொரு உறவுச் சொல் தொலைநோக்கு. 1999-ல் அன்றைய ஆந்திரப் பிரதேச அரசு மக்கின்சி என்ற வெளிநாட்டு ஆலோசனை நிறுவனத்தின் துணையோடு 'விஷன் 2020' என்ற திட்ட ஆவணத்தை வெளியிட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மாநிலம் எப்படி இருக்கும் என்று அதில் எழுதியிருந்தார்கள். இடையில் 2014-ல் தெலங்கானா தனி மாநிலம் ஆயிற்று. ஹைதராபாதில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றை எழுப்பிய கைகளில் பெரும்பகுதி வெளியூர்க் கைகள். பிறகு அந்த 2020-ம் ஆண்டும் வந்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. சங்காரெட்டி அருகே கந்தியில் ஐ.ஐ.டி. வளாகக் கட்டுமானத்தில் இருந்த வடமாநிலத் தொழிலாளர்கள், கூலியைக் கொடுங்கள், ஊருக்கு அனுப்புங்கள் என்று ஏப்ரல் 29-ந் தேதி திரண்டு நின்றார்கள். போலீசுடன் மோதல் ஏற்பட்டது. ஒரு பார்வையில் அது சட்டம் ஒழுங்குப் பிரச்னை. இன்னொரு பார்வையில் அது கூலிப் பிரச்னை. மே முதல் தேதி, தொழிலாளர் தினத்தன்று விடியற்காலையில், லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்கு சுமார் 1,200 பேருடன் ஒரு ரயில் புறப்பட்டது. ஊரடங்கில் தொழிலாளர்களுக்காக ஓடிய முதல் சிறப்பு ரயில் நாட்டிலேயே அதுதான். இருபது ஆண்டுத் தொலைவைப் பார்த்தவர்களின் கண்ணுக்கு, கட்டடத்தின் அடியில் நின்ற இந்த மனிதர்கள் தெரியாமல் போனார்கள்.

அடுத்த வாரம், மே 8-ந் தேதி அதிகாலையில், மகாராஷ்டிரத்தில் கர்மாட் அருகே 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அடிபட்டு மாண்டார்கள். ஜால்னாவில் இரும்பு ஆலையில் வேலை செய்த மத்தியப் பிரதேசத்துக்காரர்கள் அவர்கள். ஊர் போகும் ரயிலைத் தேடிப் பாதையோரமாக நடந்து, களைத்து, தண்டவாளத்திலேயே படுத்து உறங்கி விட்டார்கள். ஊரடங்கில் ரயில் ஓடாது என்று நம்பியிருந்தார்கள். அவர்கள் கட்டிக் கொண்டு வந்த ரொட்டிகள் தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த படத்தை நாடே பார்த்தது. அது நாந்தேடு கோட்டம். செகந்திராபாதைத் தலைமையகமாகக் கொண்ட நம் தென்மத்திய ரயில்வேயின் பகுதி. 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவுப்படி, அனுமதியின்றிப் பாதையில் இருப்பவர் அத்துமீறி நுழைந்தவர். உயிரைக் காக்கவே அந்த விதி இருக்கிறது என்பதை ரயில்வேயில் வேலை செய்யும் நாம் அறிவோம். ஆனால் அந்தப் பிரிவுக்குள்ளிருந்து பார்த்தால் தண்டவாளத்தில் கிடந்த ஆள் மட்டுமே தெரிகிறார். ஜால்னாவிலிருந்து அவரை நடக்க வைத்தது எது என்பது தெரிவதில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி, ஊரடங்கில் ஊர் திரும்பும்போது இறந்த தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று மக்களவையில் கேட்கப்பட்டது. அத்தகைய கணக்கு வைக்கப்படவில்லை, ஆகவே இழப்பீடு என்ற கேள்வி எழவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் கொடுத்தது. ஊர் திரும்பியவர்கள் 1 கோடிக்கு மேல் என்ற கணக்கு மட்டும் இருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளரின் விவரம் பதியப்பட வேண்டும் என்று 1979-லேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அப்படிப் பதிந்து வைத்திருந்தால் தேடுவதற்கு ஒரு பட்டியலாவது இருந்திருக்கும். எண்ணப்படாதவர் அரசாங்கத்தின் கண்ணுக்கு இல்லாதவரே.

இங்கேதான் நம் மொழியின் பழைய வழக்கை நினைவூட்ட விரும்புகிறோம். திருக்குறளின் 58-வது அதிகாரத்துக்குப் பெயர் கண்ணோட்டம். அங்கே அதற்கு அபிப்பிராயம் என்றோ நிலைப்பாடு என்றோ பொருள் இல்லை. எதிரே இருப்பவன்மீது கண் ஓடுவது, அவன் துன்பத்தைக் கண்டு மனம் இளகுவது, பழகியவன் கேட்டால் மறுக்க மாட்டாமை என்பதே பொருள். பேச்சு வழக்கில் தாட்சண்யம் என்கிறோமே, அதுதான். வள்ளுவர் இதை இல்லறத்தில் வைக்கவில்லை, அரசியலில் வைத்தார். குடிகள் அஞ்சும்படி நடக்காதே என்று சொல்லும் அதிகாரம் முன்னால் இருக்கிறது, ஒற்றர்களைப் பற்றிய அதிகாரம் பின்னால் இருக்கிறது. அதாவது ஆளுகிறவனுக்கு இருந்தே தீர வேண்டிய குணங்களில் ஒன்று இது. அந்தச் சொல்லை நாம் 'என் பக்கத்திலிருந்து பார்த்தால்' என்று சுருக்கி விட்டோம். அடுத்தவனை நோக்கி ஓட வேண்டிய கண் தன் இடத்திலேயே நின்று விட்டது.

இந்த நகரத்தில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. ஹைதராபாத் சமஸ்தானத்தில் 15 ஆண்டு வசித்தவரே முல்கி, அரசு வேலை அவருக்கே என்று 1919-ல் நிஜாம் ஆணையிட்டிருந்தார். 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு, சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்கள் பலர் இங்கே உத்தியோகங்களில் அமர்ந்தார்கள். பொய்யான முல்கி சான்றிதழ்களும் புழங்கின. 1952-ல் உள்ளூர் மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். செப்டம்பரில் சிட்டி காலேஜ் பக்கம் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அவர்கள் கோரிக்கையில் நியாயம் இருந்தது. அதை நாம் மறுக்கக் கூடாது. ஆனால் அன்று எழுந்த முழக்கங்களில் ஒன்று "இட்லி சாம்பார் கோ பேக்". வேலையைப் பறித்தது சான்றிதழ் மோசடி. முழக்கம் போய் விழுந்ததோ சாப்பாட்டுத் தட்டில். தெலுங்கில் 'அரவவாள்ளு', இந்தியில் 'மத்ராஸி' என்று கேலியாக அழைக்கப்பட்ட எவருக்கும் அதன் வலி தெரியும்.

அந்த வலி தெரிந்த நாம் நம் ஊரில் என்ன செய்கிறோம்? திருப்பூரில் பனியன் கம்பெனியிலும், சென்னையில் கட்டட வேலையிலும், ஓட்டல்களிலும் பீகார், ஒரிசாக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களை 'வடக்கன்' என்று ஒரே சொல்லில் அடக்கி விடுகிறவர்கள் நம் உறவினர்களிலும் உண்டு. 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. தமிழகப் போலீசார் அவை பொய் என்று அறிவித்து வழக்குப் போட்டார்கள். பீகார் அரசு நேரில் பார்த்துவர அதிகாரிகளை அனுப்பியது. ஆனாலும் பயந்து ரயில் ஏறியவர்கள் ஏறினார்கள். வீடியோ பொய்தான். அதை நம்ப வைக்கிற அளவுக்கு இருந்த ஏளனம் பொய்யா? கூலி குறைந்ததற்கு, குறைத்துக் கொடுப்பவரைக் கேட்காமல், குறைவாக வாங்குகிறவனைத் திட்டுகிறவர் 1952-ன் முழக்கத்தையே திரும்பச் சொல்கிறார். இம்முறை தட்டில் இருப்பது ரொட்டி, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே நம் குடும்பங்களை மூன்று விஷயங்கள் கேட்டுக் கொள்கிறோம். வேலை நாளையும் வாங்கிய கூலியையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். கையில் கணக்கு இருக்கும்போது கண்ணோட்டம் பேசி உங்களை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. அடுத்த தெருவில் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிற ஒரியாக்காரர், பீகார்க்காரர் பெயரைக் கேட்டறியுங்கள். அவர்களுக்கு விபத்து நேர்ந்தாலோ கூலி நின்றாலோ சங்கத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் தமிழர் அல்லவே என்ற பேச்சு நம்மிடம் வேண்டாம். பொங்கலுக்கு ஊர் போகும்போது, 'வடக்கன்' என்று யாராவது பேசினால், சிரித்து விட்டு நகராதீர்கள். ஹைதராபாதில் எங்களையும் இப்படித்தான் அழைத்தார்கள் என்று அங்கேயே சொல்லுங்கள். வெளியூரில் பிழைக்கிறவன் சொன்னால் ஊரில் கேட்பார்கள்.