டிரையருக்கு மட்டும் காசில்லையா?

லோன் போட்டு சி.என்.சி. மெஷின் இறக்குகிற முதலாளி, கம்ப்ரஸர் காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையர் என்றதும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறார். திருநின்றவூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ரயிலில் போய்வரும் மெயின்டெனன்ஸ் ஃபிட்டர் நான். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஐப்பசி மழையில் நம் பக்கத்துக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 20 கிராமுக்கு மேல் ஈரம் இருக்கும். கம்ப்ரஸர் 7 பார் அழுத்தத்தில் 8 கன மீட்டரை ஒன்றாக நெரிக்கிறது. சூடு ஆறியதும் அந்தக் காற்று 30 கிராம் அளவுக்குத்தான் ஈரத்தை ஆவியாக வைத்திருக்க முடியும், மிச்சமெல்லாம் தண்ணீர். 100 சி.எஃப்.எம். கம்ப்ரஸர் என்றால் மணிக்குச் சுமார் 3 லிட்டர்!

நம்பாதவர்கள் டேங்க் அடியில் இருக்கும் டிரெய்ன் வால்வைத் திறந்து பார்க்கலாம். எண்ணெயும் துருவும் கலந்து, கெட்டுப்போன மோர் மாதிரி கொட்டும். அதுதான் சொலினாய்டு வால்வுக்குள் போய் ஸ்பூலை இறுக்கிப் பிடிக்கிறது. பெயிண்ட் அடிக்கிற இடத்தில் கொப்புளமாக எழும்புகிறது. பழி என்னவோ ஆபரேட்டர் மேல்.

ரயில் பெட்டிகளின் பிரேக்கும் காற்றில்தான் ஓடுகிறது. பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. அதனால்தான் ரயில் இன்ஜின்களில் ஏர் டிரையர் வைக்கிறார்கள். பட்டறைக்கு மட்டும் ஏன் வேண்டாம்? மெஷின் கொட்டேஷனிலேயே டிரையரும் இருக்கிறதா என்று கடன் கொடுக்கும் வங்கி கேட்கட்டும். அதுவரை, மெயின் லைனின் மேல்பக்கத்திலிருந்து டேப்பிங் எடுங்கள், ஷிஃப்டுக்கு ஒருமுறை டேங்க் தண்ணீரை வடியுங்கள். அதற்கு லோன் தேவையில்லை.