விமானியின் பையில் முதலில் எது?



விமானியாக வேண்டும் என்று சொல்லும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். ஹெட்செட், கறுப்புக் கண்ணாடி, பெரிய மணிக்கூடு என்று இப்போதே சாமான் பட்டியல் போடுகிறார்கள். அவையும் வேண்டியவைதான். ஆனால் முதலில் வேண்டியது எது என்பதை நம் மலையே சொல்லித் தருகிறது.

1974 டிசம்பர் 4 இரவு. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட 182 பேரோடு வந்த மார்ட்டின்எயர் டிசி-8 விமானம், கட்டுநாயக்கவில் இறங்குவதற்கு முன் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதியது. பணியாளர்கள் 9 பேரோடு மொத்தம் 191 உயிர்கள். தாங்கள் எங்கே பறக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்திருந்தார்கள். அவர்கள் நம்பிய டொப்ளர் கருவியும் வானிலை ரேடாரும் அந்தப் பிழைக்கு இடம் வைத்தன.

அதற்கு மூன்று நாள் முன்னர்தான் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டிடபிள்யூஏ 514 விமானமும் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதன் பிறகே, தரை நெருங்கினால் சத்தமிட்டு எச்சரிக்கும் கருவியை அந்த நாடு பயணிகள் விமானங்களுக்குக் கட்டாயமாக்கியது.

வழிகாட்டும் கருவி மட்டும் போதாது. "நீ நினைப்பது பிழை" என்று சொல்லவும் ஒன்று வேண்டும் என்பதே நம் கருத்து. அந்தக் கருவியைப் பையில் கொண்டுபோக முடியாதுதான். ஆனால் மலைகளின் உயரம் குறித்த வரைபடத்தைக் கொண்டுபோகலாம். ஒரு கருவி காட்டுவதை இன்னொன்றால் சரிபார்க்கப் பழகலாம்.

கறுப்புக் கண்ணாடியைப் பிறகு வாங்கலாம், பிள்ளைகளே.

அந்த 191 பேரையும் நினைப்போம். ஹஜ்ஜை அடையாமலே போன அந்தப் பயணிகளுக்காக துஆச் செய்வோம்.