வெள்ளாறு காத்திருக்கும் பெருக்கு

ஆடி 18-ஆம் நாள் காவிரிக் கரை மக்கள் புதுவெள்ளத்தை மலர் தூவி வரவேற்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் வெள்ளாற்றில் அந்நாளில் பெரும்பாலும் மணல்தான் இருக்கும். என் சிறுவயதில் எங்கள் வீட்டுப் பெண்கள் அம்மணலில் ஊற்றுத் தோண்டி, சுரந்த நீருக்கு மஞ்சளும் பூவும் இட்டு வணங்கியதைப் பார்த்திருக்கிறேன். வறண்ட ஆற்றுக்கு எதற்கு விழா என்ற கேள்வி அன்றே எனக்குள் எழுந்தது.

விடை பருவமழையின் கணக்கில் இருக்கிறது. ஆடியில் காவிரி பெருகக் காரணம், குடகு மலையில் பொழியும் தென்மேற்குப் பருவமழை. வெள்ளாற்றுக்கு அத்தகைய மலைத்தாய் இல்லை. இந்த ஆற்றையும், மாவட்டத்தின் 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்களையும் நிரப்ப வேண்டியது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே. 1934 முதல் கல்லணைக் கால்வாயின் கடைமடையாக அறந்தாங்கிப் பகுதி காவிரி நீரைப் பெறுகிறது. எஞ்சிய பகுதிகள் பெரிதும் வானம் பார்த்த பூமியே.

இக்குறையைப் போக்கவே காவிரி - வைகை - குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் இம்மாவட்டத்தின் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு ரூ.14,400 கோடி. மாயனூரிலிருந்து சுமார் 262 கி.மீ. நீளும் இக்கால்வாயை நான் வரவேற்கிறேன். ஆனால், இதில் வரப்போவது காவிரியின் உபரிநீர். மேட்டூர் நிரம்பாத ஆண்டில் உபரி ஏது? நிரம்பும் ஆண்டிலும், சில வாரங்களில் பாய்ந்து வரும் வெள்ளத்தை ஆண்டு முழுவதற்கும் சேமிக்கக் கண்மாய்தானே வேண்டும்?

பொருளாதாரத்தில் புதிய முதலீட்டைப் பற்றிப் பேசும் நாம், இருக்கும் மூலதனத்தின் தேய்மானத்தை மறந்துவிடுகிறோம். தூர்ந்த கண்மாயும், ஆக்கிரமிக்கப்பட்ட வரத்துவாரியும், உடைந்த மடையும் அத்தகைய தேய்மானமே. தைலமரக் காடுகளில் வெட்டப்படும் வரப்புகளும் பள்ளங்களும் மழைநீரைக் கண்மாய்க்கு வரவிடாமல் தடுக்கின்றன என்று விவசாயிகள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். கால்வாய்க்குக் கோடிகளை ஒதுக்கும் அரசு, இந்த முறையீட்டுக்கும் செவிசாய்க்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. 2018 கஜா புயலுக்குப் பின் கொத்தமங்கலம் உள்ளிட்ட ஊர்களில் இளைஞர்கள் நிதி திரட்டித் தங்கள் நீர்நிலைகளைத் தூர்வாரினார்கள். அந்த உழைப்பை நிர்வாக நடைமுறையாக்குவது அரசின் கடமை. ஆடிப்பெருக்கு முடிந்த சில நாள்களில், ஆகஸ்ட் 15 அன்று, கிராம சபை கூடுகிறது. ஊரின் ஒவ்வொரு கண்மாய்க்கும் வரத்துவாரி திறந்திருக்கிறதா, மடையும் கலிங்கும் சீராக உள்ளனவா, ஆக்கிரமிப்பு எவ்வளவு என்ற அறிக்கை அங்கே மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு அப்போது ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம் இருக்கும்.

காவிரிக் கரையில் ஆடிப்பெருக்கு, வந்த வெள்ளத்துக்கு நன்றி சொல்லும் நாள். எங்கள் மண்ணிலோ அது, வரப்போகும் மழைக்கு இடம் ஒழுங்கு செய்யும் நாள். மணலில் ஊற்றுத் தோண்டிய அந்தப் பெண்கள் அதைத்தான் செய்தார்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).