வண்டிக்குப் போர்வை வேண்டாம், கூரை போடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. என்னிடம் படித்த பிள்ளைகளும் உறவுக்காரர்களும் பொறுமையாகப் படிக்கவும். வகுப்பில் தூங்கியவர்கள் இப்போதாவது விழித்துக்கொள்ளலாம்.

திருவொற்றியூர் வீட்டில் முன்தாழ்வாரத்தை இடித்துக் கட்டப்போகிறோம். வேலை முடிய தை மாதம் ஆகிவிடும். அதுவரை அண்ணனுடைய 1973 புல்லட்டை எங்கே நிறுத்துவது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். அரை மணி நேரத்தில் பதினேழு யோசனைகள் வந்தன. பாதிப் பேர் 'கவர் வாங்கி மூடிடுங்க' என்றார்கள். மீதிப் பேர் 'இரும்புக் கடைக்குப் போட்டுடுங்க' என்றார்கள். தம்பி மகன் ஒருபடி மேலே போய், 'பெரியப்பா, ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டேன், நாளைக்கு வந்துடும்' என்று எழுதினான். வந்தது. வெள்ளிநிறப் பாலித்தீன் உறை, அடியில் இழுத்துக் கட்ட எலாஸ்டிக். அன்பாக அனுப்பியதுதான், ஆனால் அதை வண்டிமேல் போட மாட்டேன்.

ஏன் என்பதற்குப் பதில் உங்கள் பள்ளிக்கூட நோட்டிலேயே இருக்கிறது. மூன்று சோதனைக்குழாய், மூன்றிலும் இரும்பு ஆணி. ஒன்றில் கொதிக்கவைத்த நீர், மேலே எண்ணெய். இன்னொன்றில் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு. மூன்றாவதில் சாதாரணத் தண்ணீர், சாதாரணக் காற்று. துருப்பிடித்தது எது? மூன்றாவது ஆணி மட்டும்தான். இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் வேண்டும், ஈரமும் வேண்டும். நீங்கள் அனுப்பிய உறை அந்த மூன்றாவது குழாய். தரையிலிருந்து எழும் ஈரம் உள்ளே போகும், வெளியே வராது. விடியற்காலையில் இரும்பு குளிர்ந்ததும் அந்த ஈரம் அதன்மேல் முத்து முத்தாக நிற்கும். வெயில் ஏறினால் உள்ளேயே ஆவியாகி மறுபடி ஒட்டும். தினமும் வண்டிக்கு வேது பிடிப்பது மாதிரி.

அதிலும் இது திருவொற்றியூர். நம் வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். மழைக்காலத்தில் சமையலறை ஜாடியில் கல் உப்பு தானாகவே நீர்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு, அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கடற்காற்று கொண்டுவந்து அப்பும் உப்பு, மழை இல்லாத நாளிலும் இரும்பை நனைத்தே வைத்திருக்கும். கூடவே எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரித் தூள், ஆலைப் புகையின் கந்தக டை ஆக்சைடு. இதையெல்லாம் துடைக்காமல் மேலே ஒரு உறையைப் போட்டு இறுக்கிக் கட்டினால் வண்டியை ஊறுகாய் போடுகிறோம் என்று அர்த்தம்.

காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். படகு எஞ்சினைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுகிறார்கள், காயவிடுகிறார்கள், நிழலில் வைக்கிறார்கள். உப்போடு பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பொறியியல் படித்த நம் பிள்ளைகளுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்து இரும்புக் கடைக்காரர்கள். அண்ணன் வேலை பார்த்தது என்ஃபீல்ட் ஆலையில் என்பதால் நான் உணர்ச்சிவசப்படுகிறேன் என்கிறீர்கள். சரி, உணர்ச்சியை ஒதுக்கிவைத்துக் கணக்குப் பேசுவோம். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி 1970-ஐத் தாண்டவில்லை. வண்டி நின்றுபோகாமல் வந்துகொண்டிருந்தது நம் திருவொற்றியூரிலிருந்துதான். அந்த ஊரிலேயே ஒரு பழைய புல்லட் நிற்க நாலு கம்பு நட இடமில்லையா?

சட்டத்தையும் பாருங்கள். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய இருசக்கர வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை, எனக்கும் அது வேண்டாம். நிபந்தனை ஒன்று முக்கியம். வண்டி பழைய வடிவிலேயே இருக்க வேண்டும், சேசிஸ், எஞ்சின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. சேசிஸ் அரித்துப்போனபிறகு அந்தத் தகுதிக்கு எங்கே போவது? ஒரு மழைக்காலக் கவனக்குறைவு போதும்.

அதனால் கூரைதான். பக்கவாட்டுச் சந்தில் நாலு சவுக்குக் கம்பு, மேலே தார்ப்பாய், ஆள் உயரத்துக்கு மேல், நன்றாகச் சரிவு கொடுத்து. தார்ப்பாய் வண்டியைத் தொடவே கூடாது. கடல் பக்கம் மட்டும் பச்சை வலை, மற்ற பக்கம் காற்று போகட்டும். தகரம் வேண்டாம், இரவில் சில்லிட்டு விடியலில் சொட்டும். கீற்றும் வேண்டாம், தீபாவளி ராக்கெட் எந்த வீடு என்று பார்த்து விழாது. கீழே செங்கல் அடுக்கி மேலே பலகை, அதன்மேல் சென்டர் ஸ்டாண்டு. நிறுத்துமுன் நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, துணியில் எண்ணெய் தொட்டு ஒரு பூச்சு. பேட்டரி வீட்டுக்குள்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிடலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதுவும் கூடாது. சூடு ஏறுமுன் அணைத்தால் சைலன்சருக்குள் தண்ணீர் தங்கும். ஓட்டினால் சூடேற ஓட்ட வேண்டும், இல்லையென்றால் பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, நாலு முறை மெதுவாக உதைத்து, பிளக்கை மாட்டிவிட்டுச் சும்மா விட வேண்டும்.

'தற்காலிகக் கொட்டகை காற்றில் பறந்துவிடாதா?' என்று மச்சான் கேட்கிறார். பறக்கும். 2016 வர்தாவில் எத்தனை நிரந்தரக் கூரைகள் போயின என்று பார்த்தோமே. இதில் ஒரு வசதி, புயல் எச்சரிக்கை வந்த அன்றே தார்ப்பாயை அவிழ்த்து மடித்துவிட்டு, வண்டியைக் கூடத்துக்குள் தள்ளிவிடலாம். வீட்டுக்காரி சம்மதித்துவிட்டாள், எழுத்தில் வாங்கவில்லை.

ஐப்பசி மழைக்குள் முடிக்க வேண்டும். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குழி தோண்டுகிறோம். சவுக்குக் கம்பு சொல்லியாகிவிட்டது. முடிச்சுப் போடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் வேண்டும், காசிமேட்டுப் பிள்ளைகள் யாராவது வந்தால் நல்லது. இட்லி, வடகறி என் பொறுப்பு. வெள்ளி உறை அப்படியே பிரிக்காமல் இருக்கிறது, தம்பி மகன் வந்து எடுத்துப்போகலாம். ரிட்டர்ன் செய்ய இன்னும் ஆறு நாள் இருக்கிறது.