தகுதிப் படிவத்தில் ஒரு கட்டம் குறைகிறது

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளுக்குப் பெயர் அனுப்பும் காலம் இது. உடற்கல்வி இயக்குநர்களாகிய நம் மேசையில் தகுதிப் படிவங்கள் குவிந்து கிடக்கும். பிறந்த தேதி, பிளஸ் டூ முடித்த ஆண்டு, முதல்வரின் முத்திரை என ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறோம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்க விதிப்படி வயது 17க்குக் குறையக்கூடாது, 25ஐத் தாண்டக்கூடாது. கல்லூரியில் சேரத் தகுதி தந்த தேர்வை முடித்து எட்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. முட்டி அறுவை செய்துகொண்டு ஒரு வருஷம் ஆடாமல் இருந்த மாணவருக்கு அந்த ஆண்டைக் கழித்துக்கொள்ள, நான் பார்த்த படிவங்கள் எதிலும் இடமில்லை.

எட்டு ஆண்டு தாராளம்தானே என்று கேட்கலாம். செஞ்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பஸ் ஏறி வந்து விளையாட்டு ஒதுக்கீட்டில் இளங்கலை படிக்கும் பையனுக்கு எட்டு ஆண்டு ஏது? கட்டணச் சலுகையும் விடுதியும் மூன்று ஆண்டுக்குத்தான். அதற்குள் பல்கலைக்கழக அணியில் ஆடிப் ‘படிவம் 3’ சான்றிதழை வாங்கியாக வேண்டும். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டில் ஓர் இடம் கிடைக்குமா என்பதே அந்தக் குடும்பத்தின் கவலை. ஒரு பருவம் போனால் கையிலிருப்பதில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று.

அதனால்தான் அவன் வலியைச் சொல்வதில்லை. கபடியில் ரைடு போய்த் திரும்பும்போது முட்டிக்குள் ‘டப்’பென்று சத்தம் கேட்டிருக்கும். இரவோடு இரவாக வீங்கியிருக்கும். காலையில் கேட்டால், “சுளுக்குதான் சார், புத்தூர்க் கட்டு போட்டாச்சு” என்பான். ஜவ்வு கிழிந்த முட்டியோடு ஆடி, முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்பையும் கெடுத்துக்கொண்ட பிறகுதான் ஸ்கேன் எடுக்கப் போகிறான். பொங்கலுக்கு ஊர்க் கபடி என்றால் மண் தரையில் நள்ளிரவு தாண்டியும் ஆடுவான். அங்கே நாமும் இல்லை, மருத்துவரும் இல்லை.

2022 ஜூலையில் பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில் நடந்த கபடிப் போட்டியில், சேலத்தில் படித்துவந்த கல்லூரி மாணவர் ஒருவர் எதிரணி வீரரின் முழங்கால் மார்பில் பட்டுக் களத்திலேயே சுருண்டு விழுந்து இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் சென்னை ராணி மேரி கல்லூரியில் முதலாண்டு படித்த 17 வயது கால்பந்து வீராங்கனைக்கு, பெரியார் நகர் அரசு புறநகர் மருத்துவமனையில் முட்டி ஜவ்வு அறுவை நடந்தது. அதன் பின் போட்ட கட்டு இறுகி ரத்த ஓட்டம் தடைபட்டது. காலை எடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. 15ஆம் தேதி உயிர் பிரிந்தது. அந்த மரணத்துக்குப் பொறுப்பு யார் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். அறுவைக்குப் போகும் நம் மாணவியிடம், கட்டுக்குக் கீழே மரத்துப்போனாலோ, விரல் சில்லிட்டாலோ, மருந்துக்கு அடங்காமல் வலித்தாலோ உடனே கத்து என்று சொல்லி அனுப்புகிறோமா? இது நம் வேலை.

அறுவை நல்லபடியாக முடிந்தாலும் அவசரம் விடுவதில்லை. முட்டி ஜவ்வு அறுவை பற்றி 2016இல் வெளியான டெலவர்–ஆஸ்லோ ஆய்வில், ஒன்பது மாதம் வரை களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மறுபடி அடிபடும் வீதத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பாய்வு, 25 வயதுக்குட்பட்டு ஆட்டத்துக்குத் திரும்பியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இந்தக் காலிலோ அந்தக் காலிலோ ஜவ்வு மீண்டும் கிழிந்ததாகக் காட்டியது. ஒன்பது மாதம் என்பது ஒரு பருவம் முழுதும்தான்.

காலம் மட்டும் போதாது. தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு, கையில் ஓர் அளவு டேப். நல்ல காலால் மட்டும் தாவச் சொல்லுங்கள், பிறகு அறுவை நடந்த காலால் மட்டும். இரண்டாவது தூரம் முதலாவதில் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும். தூரத்தைவிட, தரை தொடும்போது முட்டி உள்பக்கம் மடிகிறதா என்று பாருங்கள். மடிந்தால் கால் இன்னும் தயாராகவில்லை; பிசியோதெரபிஸ்ட்டிடம் திருப்பி அனுப்புங்கள். ‘ஆடத் தகுதியானவர்’ என்ற ஒற்றை வரி மருத்துவச் சான்று இதையெல்லாம் சொல்லாது.

அமெரிக்காவில் 1905ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தில் மாணவர்கள் அடுத்தடுத்து இறந்ததால் எழுந்த கொந்தளிப்பில்தான், பின்னாளில் என்சிஏஏ என்று பெயர் பெற்ற கல்லூரி விளையாட்டுச் சங்கமே பிறந்தது. பருவத்தின் முதல் பாதியில் அடிபட்டு, 30 விழுக்காட்டுக்கு மேல் ஆட்டங்களில் இறங்காமல், அந்தப் பருவம் முழுக்க ஆட முடியாமல் போனவருக்கு அந்தப் பருவத்தைத் திருப்பித் தரும் விதி அங்கே நெடுங்காலமாக உண்டு. அங்குள்ள பண விளையாட்டு நமக்கு வேண்டாம். இந்த ஒரு விதி வேண்டும்.

அறுவைச் சீட்டும் ஸ்கேன் அறிக்கையும் காட்டும் மாணவருக்கு வயதிலும் எட்டு ஆண்டிலும் ஓராண்டுத் தளர்வு, அந்த ஆண்டுக்கும் விடுதியும் கட்டணச் சலுகையும், படிவத்தில் காயத்துக்கென ஒரு கட்டம்: இம்மூன்றையும் பல்கலைக்கழக விளையாட்டு வாரியக் கூட்டத்தில் தீர்மானமாக வைத்து, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். விதி மாறும்வரை சலுகையை நீட்டிப்பது அந்தந்தக் கல்லூரி முதல்வரின் கையில் இருக்கிறது. அடிபட்டவனை அழைத்துக்கொண்டு அவர் அறைக்கு நாம்தான் போக வேண்டும், இந்தப் பருவத்திலேயே.